கொழும்பு 7 ரோட்டுப் பேருகளில இருக்கிற பிரபுமார் – அந்தப் பட்டங்கள் இப்பவும் ஆரிட்டயாவது இருக்கா?

நிரோ_பம்பலப்பிட்டி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வேலை கொழும்பு 7 பக்கம். பார்ன்ஸ் பிளேஸ், வார்ட் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ், றோஸ்மீட் பிளேஸ், ஸ்டான்மோர் கிறெசன்ட் எண்டு இந்த ரோட்டுகளாலதான் போய் வாறது. எல்லாம் பழைய இங்கிலீஷ் தேசாதிபதிமாரிட பேர் எண்டு சொல்லுவினம், ஆனா தேசாதிபதிமாரிட லிஸ்டை எடுத்துப் பாத்தா அதில றோஸ்மீட் எண்டு ஒருத்தரும் இல்ல, ஸ்டான்மோர் எண்டும் ஒருத்தரும் இல்ல. தேடிப் பாக்கேக்க தான் தெரிஞ்சுது, அது அவையள் இஞ்ச இருந்து போனாப் பிறகு மகாராணி குடுத்த பிரபுப் பட்டத்திட பேராம். பட்டம் பரம்பரையா வரும் எண்டு தானே சொல்லுறது, அப்ப இப்ப இங்கிலாந்தில எங்கயாவது ஒரு றோஸ்மீட் பிரபு இருக்கிறாரா, இல்லாட்டி அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது, ஆருக்காவது தெரியுமா?

வீட்டில இதைக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க அம்மம்மா இடையில கேட்டா, சேர் பொன்னம்பலம் இராமநாதனும் வெள்ளைக்காரன் குடுத்த பட்டம் தானே வச்சிருந்தவர், ஏன் அது அவற்ற பிள்ளையளுக்கு வரேல்ல எண்டு. ஒருத்தருக்கும் பதில் தெரியேல்ல. சேர், பரன், ஏர்ல், டியூக் எண்டு இவ்வளவு இருக்கு, எது மகனுக்குப் போகும் எது போகாது எண்டு விளங்கப்படுத்தக்கூடிய ஆக்கள் தயவுசெய்து எழுதுங்கோ.

இன்னொண்டு, மகள் ஓ.எல். சோதினை எடுக்கப்போறா, சோல்பரி யாப்பு (சுதந்திரம் கிடைக்கேக்க இருந்த அரசியல் யாப்பு) பாடத்தில இருக்கு. சோல்பரி பிரபுவுக்குப் பிறகு அந்தப் பட்டம் என்ன ஆச்சு எண்டும் அறிய ஆசை.


மாஸ்டர்_வெள்ளவத்தை:

தம்பி நிரோ, முதல்ல அம்மம்மாவிட கேள்விக்குப் பதில் சொல்லுறன், அது விளங்கினா மிச்சம் தன்ர பாட்டில விளங்கும்.

சேர் எண்டு கூப்பிடுறதில ரெண்டு வகை இருக்கு. ஒண்டு நைட். அது அந்த ஆளுக்கு மட்டும், ஆள் போனா பட்டமும் போச்சு. முத்துக் குமாரசுவாமிக்கு 1874ல, அருணாசலத்துக்கு 1913ல, இராமநாதனுக்கு 1921ல கிடைச்சது எல்லாம் இந்த வகை தான். அருணாசலத்திட மகன் மகாதேவாவும் சேர் தான், ஆனா அது அப்பாவிட்ட இருந்து வந்ததில்ல, அவருக்கெண்டு புறம்பாக் குடுத்தது. மற்றது பரோனெட். அவரையும் சேர் எண்டு தான் கூப்பிடுவினம், ஆனா அது மூத்த மகனுக்குப் போகும், பிறகு அவற்ற மகனுக்கு, அப்பிடியே போகும். இதைத் தொடக்கினவர் முதலாம் ஜேம்ஸ் ராசா, 1611ல. காசுக்காகத் தொடக்கினது தான், ஒளிச்சு மறைக்க ஒண்டும் இல்ல. அயர்லாந்தில அல்ஸ்டர் பக்கம் 30 படை ஆக்களை மூண்டு வருசம் வச்சிருக்கிற செலவு 1,095 பவுண்ஸ், அதைக் கட்டினா பட்டம்.

ஹோர்ட்டன் பிளேஸ் ஹோர்ட்டன் இந்த வகை. றொபேட் வில்மட் ஹோர்ட்டன் 1831ல இருந்து 1837 வரைக்கும் இஞ்ச தேசாதிபதி. 1834ல அவற்ற தகப்பன் இங்கிலாந்தில செத்தவுடன கொழும்பில இருந்த இவர் அப்பிடியே மூண்டாவது பரோனெட் ஆயிற்றார். ஆரும் கூப்பிட்டுக் குடுக்கத் தேவையில்ல, தகப்பன்ர மூச்சு நிண்ட நேரத்திலயே மகனிட்ட வந்திடும், அது தான் பரம்பரைப் பட்டத்திட அடிப்படை.

இதில எனக்கு மனசுக்க குத்துறது தேசாதிபதி பிரவுண்றிக். 1815ல கண்டியைப் பிடிச்சவர், அதுக்காகவே 1816ல பரோனெட் ஆக்கினவை. பிறகு 1822ல, கண்டி ராசாவிட முடியையும் செங்கோலையும் கொடியையும் தன்ர குடும்பச் சின்னத்தில போட்டுக்கொள்ள அனுமதியும் குடுத்தவை. அந்த நேரம் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில சிறையில உயிரோட இருக்கிறார், 1832ல தான் அங்கயே மோசம் போறார். ராசா உயிரோட இருக்க அவற்ற முடி இன்னொருத்தன்ர வீட்டுச் சின்னத்தில. உண்மையான சிம்மாசனமும் முடியும் இங்கிலாந்துக்குக் கொண்டு போய், 1934ல தான் குளோஸ்ட்டர் கோமகன் திருப்பிக் கொண்டந்து தந்தவர், இப்ப எங்கட மியூசியத்தில இருக்கு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. பிரவுண்றிக்கிட பட்டம் இன்னும் அழியேல்ல.

இதுக்கு மேல தான் உண்மையான பிரபுமார். கீழ இருந்து பரன், வைகவுண்ட், ஏர்ல், மாக்குவிஸ், டியூக் எண்டு ஐஞ்சு படி. இனி உங்கட ரோட்டுகளுக்கு வருவம்.

றோஸ்மீட்: ஹேர்க்கியூலிஸ் ரொபின்சன், இலங்கையில 1865–1872. பிறகு அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா எல்லாம் ஆண்டு முடிச்சு 1896ல பரன் றோஸ்மீட் ஆனவர், அடுத்த வருசமே காலமாகிற்றார். மகன் ரெண்டாவது பரன், அவர் 1933ல செத்ததோட பட்டம் அழிஞ்சுது. ஆகவே இப்ப றோஸ்மீட் பிரபு எண்டு உலகத்தில ஒருத்தரும் இல்ல. பண்டாரநாயக்காவை 1959ல சுட்ட வீடு இருக்கிற ரோட்டு எண்டு தான் எங்கட ஆக்களுக்கு அந்தப் பேர் ஞாபகம்.

ஸ்டான்மோர்: ஆர்தர் கோர்டன், 1883–1890. தகப்பன் அபர்டீன் ஏர்ல், இங்கிலாந்திட பிரதமரா இருந்தவர், ஆனா ஆர்தர் கடைக்குட்டி, அதால தகப்பன்ர பட்டம் கிட்டயும் வரேல்ல. 1893ல தனக்கெண்டு பரன் பட்டம் எடுத்தவர். மகனோட 1957ல அதுவும் முடிஞ்சுது.

சால்மர்ஸ் தான் இவையளுக்குள்ள பாவம். றொபேட் சால்மர்ஸ், 1913ல வந்தவர், பாளி மொழி படிச்ச பெரிய அறிஞர், ஆனா 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில மார்ஷல் லோ (இராணுவச் சட்டம்) போட்டு நடந்த அநியாயங்கள் அவற்ற காலத்தில தான், இராமநாதன் லண்டனுக்குப் போய் அதுக்காக வாதாடினவர். அதே 1915ல தான் சால்மர்ஸிட ரெண்டு மகன்மாரும் உலக யுத்தத்தில செத்தவை. 1919ல பரன் பட்டம் குடுக்கினம், பரம்பரைப் பட்டம், ஆனா அதை எடுக்க ஆண்பிள்ளை ஒருத்தரும் உயிரோட இல்ல. 1938ல அவர் போக பட்டமும் போச்சு.

மிச்சத்தை நேரம் கிடைக்கேக்க எழுதுறன்.


நிரோ_பம்பலப்பிட்டி:

மாஸ்டர், கோடி நன்றி. அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், பிரவுண்றிக் இடம் வந்தவுடன நிப்பாட்டச் சொல்லி இன்னொருக்கா வாசிக்கச் சொன்னவ. சுதந்திர சதுக்கத்தை முந்தி டொரிங்டன் சதுக்கம் எண்டு சொல்லுறவையாமே, அந்த டொரிங்டனும் பிரபுவா? அதோட சோல்பரி பற்றியும் ஆராவது எழுதுங்கோ.


செல்வா_ஹப்புத்தளை:

வணக்கம் அண்ணா, நான் ஊரு ஹப்புத்தளை, இப்ப கிராண்ட்பாஸ்ல இருக்கேன். பரோனெட்டுன்னு மாஸ்டர் எழுதினத பாத்ததும் எனக்கு லிப்டன் தான் ஞாபகம் வந்துச்சு. எங்க பக்கம் தம்பேத்தன்ன தோட்டம், லிப்டன் சீட் எல்லாம் அவரு பேர்ல தான இருக்கு. தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவுல கடைக்காரக் குடும்பத்துல பொறந்தவரு, அப்பா அம்மா அயர்லாந்துல இருந்து பொழைக்க வந்தவங்க. 1890ல இங்க வந்து தோட்டங்கள வாங்குனாரு. 1898ல நைட், 1902ல பரோனெட். ஆனா கலியாணமே கட்டல, 1931ல செத்துட்டாரு, பரோனெட் பட்டம் அவரோடயே முடிஞ்சிருச்சு. சொத்துல பெரும் பங்க கிளாஸ்கோ ஊருக்குத் தான் எழுதி வச்சாரு. அந்த ஊரு ஏழைங்களுக்குக் குடுத்தது நல்ல விசயம் தான், நான் கொற சொல்லல, ஆனா அந்தக் காசு எந்த மலையில யாரு பறிச்ச கொழுந்துல இருந்து வந்துச்சுன்னு எங்க ஆளுங்க கேக்காம இருக்க முடியாதுங்க. எங்க தாத்தா பாட்டி எல்லாம் லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) பொறந்து லயத்துலயே போய்ச் சேந்தவங்க, பரம்பரையா அவங்களுக்கு வந்தது அந்த லயக் காம்பரா ஒண்ணு தான்.


மாஸ்டர்_வெள்ளவத்தை:

செல்வா, நீர் கேட்டது நியாயமான கேள்வி.

நிரோ, டொரிங்டன் இந்தக் கூட்டத்தில வித்தியாசமான ஆள். மற்றவை இலங்கையை ஆண்டு முடிச்சுப் பட்டம் எடுத்தவை, இவர் பட்டத்தோட வந்து இறங்கினவர், ஏழாவது வைகவுண்ட். 1721ல ஜோர்ஜ் பிங் எண்ட அட்மிரலுக்குக் குடுத்த பட்டம் அது. இவர் 1847ல வாறார், வயசு முப்பத்தைஞ்சு தாண்டேல்ல, வந்த அடுத்த வருசமே மாத்தளைக் கலகம். நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, ரோட்டு வேலைக்கு ஆள் வரி எண்டு போட்டதால சனம் எழும்பிச்சுது. மார்ஷல் லோ போட்டு கலகத் தலைவன் புரன் அப்புவைச் சுட்டவை, ஒரு பிக்குவை காவி உடுப்போடயே சுட்டவை. லண்டன் பாராளுமன்றத்தில விசாரணை வைக்கிற அளவுக்குப் போய் 1850ல திருப்பிக் கூப்பிட்டவை. அதுக்குப் பிறகு என்ன தண்டனை எண்டு நினைக்கிறியள்? திரும்பிப் போய் விக்டோரியா மகாராணியிட அரண்மனையில பிரபு உத்தியோகம், சாகும் வரைக்கும். இதே குடும்பத்தில ஜோன் பிங் எண்ட அட்மிரல், முதலாவது வைகவுண்டிட மகன், 1757ல சண்டையில தன்னாலானதைச் செய்யேல்ல எண்டு சொல்லி கப்பல் தட்டில வச்சுச் சுட்டுக் கொண்டவை. ஒரு கோட்டையை இழந்ததுக்கு பிரபுவிட மகனையே சுட்டவங்கள், மாத்தளையில செத்த சனத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. அந்தச் சதுக்கத்துக்குச் சுதந்திரத்திட பேரை வச்சது சரியான வேலை எண்டு தான் நான் சொல்லுவன்.


மாலா_தெகிவளை:

சோல்பரி பற்றி நான் எழுதுறன், இதை எழுதாட்டி எனக்கு நித்திரை வராது.

நிரோ தம்பி, சோல்பரி பிரபுவிட சொந்தப் பேர் ஹேர்வால்ட் ராம்ஸ்பொத்தம். 1941ல பரன் சோல்பரி ஆனவர், 1944ல அரசியல் யாப்புக்கான ஆணைக்குழுவோட வந்தவர், பிறகு 1949ல இருந்து 1954 வரைக்கும் இஞ்ச மகாதேசாதிபதி. போகேக்க 1954ல ஒரு படி ஏத்தி வைகவுண்ட் ஆக்கினவை. இவ்வளவும் புத்தகத்தில இருக்கு. புத்தகத்தில இல்லாதது என்னெண்டா அவற்ற மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பொத்தம், யாழ்ப்பாணத்துக்குப் போய் கொழும்புத்துறையில இருந்த ஞானி யோகர் சுவாமியிட காலில விழுந்து சீடனானவர். சந்தசுவாமி எண்டு பேர். எங்கட பழைய ஆக்கள் சோல்பரி சுவாமி எண்டும் சொல்லுவினம். மட்டக்களப்புப் பக்கம் செங்கலடி சிவதொண்டன் நிலையத்தில வேட்டியோட இருந்து தியானமும் தொண்டும் எண்டு வாழ்ந்தவர்.

1971ல தகப்பன் காலமாக, இவர் கேட்டாலும் கேக்காட்டியும் சட்டப்படி ரெண்டாவது வைகவுண்ட் சோல்பரி இவர் தான். மாஸ்டர் சொன்ன மாதிரி மூச்சு நிண்டவுடன வந்திடும் தானே. யோசிச்சுப் பாருங்கோ, ஒரு சிவனடியார், அவருக்குப் பிரபுப் பட்டம். 2004ல தான் சமாதியானவர், பிள்ளையள் இல்ல, அதால பட்டம் தம்பி பீட்டருக்குப் போனது, அவர் அமெரிக்காவில பிரிட்டிஷ் தூதுவரா இருந்தவர். 2010ல அவர் போக, அவற்ற மகன் ஒலிவர் ராம்ஸ்பொத்தம் நாலாவது வைகவுண்ட். அவர் பிராட்ஃபோர்ட் யுனிவர்சிட்டியில பேராசிரியரா இருந்தவர், படிப்பிச்ச பாடம் என்ன எண்டு நினைக்கிறியள், மோதல்களை எப்பிடித் தீர்க்கிறது எண்ட பாடம். பேரன் இந்தத் துறையை எடுத்ததுக்கு என்ன காரணம் எண்டு அவருக்குத் தான் தெரியும், எனக்கு எங்கட நாட்டை நினைக்கேக்க அது சும்மா வாசிச்சிட்டுப் போற விசயமா இல்ல. றோஸ்மீட், ஸ்டான்மோர், சால்மர்ஸ் பட்டம் எல்லாம் அழிஞ்சு போச்சு, சோல்பரி இன்னும் இருக்கு. மகளுக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ, மார்க்ஸ் கிடைக்காது எண்டாலும் பரவாயில்ல.


செல்வா_ஹப்புத்தளை:

மாலா அக்கா, சுவாமியப் பத்தி எழுதினது எனக்குப் புதுசு, சந்தோசமா இருந்துச்சு. ஆனா அப்பா சோல்பரி விசயத்துல ஒண்ணு சேத்துக்கணும். சோல்பரி யாப்புல 29ஆவது பிரிவு இருந்துச்சு, சிறுபான்மைக்குப் பாதுகாப்புன்னு. யாப்பு வந்து அடுத்த அடுத்த வருசத்துலயே 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்க மலையகத் தமிழ் ஆளுங்க இலட்சக்கணக்குல நாடில்லாதவங்க ஆனாங்க. அத எதிர்த்துப் போட்ட கோடாகன் பிள்ளை வழக்க லண்டன் பிரிவி கவுன்சில் (அப்ப இருந்த கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றம்) வரைக்கும் கொண்டு போனாங்க, 1953ல அங்கயும் தோத்துப் போச்சு. அப்ப சோல்பரி பிரபு இங்க மகாதேசாதிபதியா கொழும்புல இருக்காரு. அவரு மகன் எங்க மண்ணுல சாமியாரா வாழ்ந்தாருங்கிறது பெரிய விசயம், அவரு மேல மரியாதை இருக்கு, ஆனா அப்பா எழுதின பாதுகாப்பு எங்கள பாதுகாக்கல. பாப்பா பரீட்சைக்குப் படிக்கிறப்போ இதையும் சேத்துச் சொல்லிக் குடுங்க.


மாலா_தெகிவளை:

செல்வா, நீங்கள் சொன்னதில ஒரு எழுத்தும் பிழை இல்ல. ரெண்டும் உண்மை. நிரோ, ரெண்டையும் பிள்ளைக்குச் சொல்லுங்கோ.


ஃபாத்திமா_மருதானை:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எல்லாம் வாசிச்சுக்கொண்டு வந்தேன், எல்லாரும் மகன் மகன் எண்டு தான் எழுதுறீங்க. மகள்மார் இல்லையா இந்தக் குடும்பங்கள்ல? எங்கட மார்க்கத்துல மகளுக்கு மகன்ட பாதி பங்காவது நிச்சயமா ஈக்கி, இங்க அதுவும் இல்லாத மாதிரி தெரியுது.


மாஸ்டர்_வெள்ளவத்தை:

ஃபாத்திமா, நீங்கள் கேட்டது தான் இந்த முழு விசயத்திலயும் முக்கியமான இடம், எனக்கு இது கோபம் வாற இடமும் கூட.

பெரும்பாலான பட்டங்கள் ஆண் வழிக்கு மட்டும். பட்டம் குடுக்கேக்க எழுதிற பத்திரத்திலயே ஆண் வாரிசு எண்டு எழுதிப்போடுவினம், அதுக்குப் பிறகு பாராளுமன்றச் சட்டம் இல்லாமல் ஆராலயும் மாத்தேலாது. டயானாவை எடுங்கோ. தகப்பன் எட்டாவது ஸ்பென்சர் ஏர்ல். டயானாவுக்கு ரெண்டு அக்காமார், ஒரு தம்பி. 1992ல தகப்பன் போனவுடன பட்டமும் ஓல்தோர்ப் மாளிகையும் கடைசியாப் பிறந்த தம்பிக்கு. லண்டன் நடுவில மேஃபேர், பெல்கிரேவியா எண்டு அரைவாசி ஊரையே வச்சிருக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் குடும்பமும் அப்பிடித்தான், 2016ல தகப்பன் திடீரெண்டு போக, மூத்த சகோதரியள் ரெண்டு பேர் இருக்க 25 வயசுப் பெடியன் ஏழாவது டியூக். இதில இன்னொண்டு, அந்தக் காணியள் அந்தக் குடும்பத்துக்கு வந்ததே 1677ல மேரி டேவிஸ் எண்ட பெண்பிள்ளையிட சீதனமா. அப்ப அந்தப் பிள்ளைக்கு வயசு பன்னிரண்டு. பெம்பிளையிட காணியில நிக்கிற பட்டத்தை பெம்பிளை எடுக்கேலாது.

எங்கட முதல் பிரிட்டிஷ் தேசாதிபதியிட வீட்டிலயே இந்த விசயம் முழுசா இருக்கு. ஃபிரெட்றிக் நோர்த், 1798–1805. தகப்பன் அமெரிக்காவை இழந்த பிரதமர் நோர்த் பிரபு, ரெண்டாவது கில்ஃபர்ட் ஏர்ல். மூண்டு ஆண் சகோதரங்கள். மூத்தவர் மூண்டாவது ஏர்ல், 1802ல செத்துப்போனார், பிள்ளையள் எல்லாம் பெண். அதால ஏர்ல் பட்டம் அடுத்த தம்பிக்கு, அவருக்குப் பிள்ளை இல்ல, 1817ல எங்கட ஃபிரெட்றிக்குக்கு, அவருக்கும் இல்ல, 1827ல ஒண்டு விட்ட சகோதரத்துக்கு. ஆனா அதே குடும்பத்தில நோர்த் எண்டு இன்னொரு பழைய பரன் பட்டம் இருந்தது, 1554ல குடுத்தது. அப்பிடியான சில பழசுகள் மட்டும் பெண்ணுக்கும் போகும். ஆனா கனக்கப் பெண்பிள்ளையள் இருந்தா அவையளுக்குள்ள மூத்தது இளையது எண்டு பாக்கமாட்டினம், எல்லாருக்கும் சம உரிமை எண்டு சொல்லி ஒருத்தருக்கும் குடுக்காமல் தொங்கலில விட்டிடுவினம். 1802ல தொங்கின பட்டம் 1841ல தான் கடைசியா மிஞ்சின மகள் சூசனுக்குக் கிடைச்சது. 39 வருசம்.

விதிவிலக்கு இருக்கு. மவுண்ட்பேட்டன், யுத்த நேரம் பேராதனைத் தோட்டத்தில கந்தோர் வச்சிருந்தவர், ஆண்பிள்ளை இல்ல, அதால பட்டம் குடுக்கேக்கயே மகள் எடுக்கலாம் எண்டு விசேசமா எழுதிக் குடுத்தவை, 1979ல அவரைக் குண்டு வச்சுக் கொண்டாப் பிறகு மகள் பற்றீசியா கவுண்டெஸ் ஆனவ. 2013ல அரச குடும்பத்துக்குச் சட்டத்தை மாத்தி மூத்தது பெண்ணெண்டாலும் சிம்மாசனம் எண்டு கொண்டந்தவை, ஆனா பிரபுமாரிட பட்டங்களை அந்தச் சட்டம் தொடேல்ல. ராணி ஆகலாம், ஏர்ல் ஆகேலாது. இது அநியாயம், வேற சொல்லு என்னட்ட இல்ல.


ரவி_கொட்டாஞ்சேனை:

மாஸ்டர், லண்டன்ல இருக்கிற எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் ஒன்லைனில காசு கட்டி ஸ்கொட்லாந்தில ஒரு அடி காணி வாங்கி லோர்ட் எண்டு சர்டிபிகேட் எடுத்திருக்கிறார், இப்ப கலியாண இன்விடேஷன் கார்டில அதைப் போடப்போறாராம். அது செல்லுமா? மற்றது எங்கட பக்கத்து ஆக்கள், இந்தியாவோ இலங்கையோ, ஆருக்காவது பரம்பரைப் பிரபுப் பட்டம் கிடைச்சிருக்கா?


மாஸ்டர்_வெள்ளவத்தை:

ரவி, கார்ட் அடிக்க முதல் அவருக்குச் சொல்லிப்போடுங்கோ, அது பட்டம் இல்ல. அப்பிடி ஞாபகத்துக்கு விக்கிற துண்டுக் காணியை ஸ்கொட்லாந்துக் காணிப் பதிவில பதியவே மாட்டினம். பட்டங்களைப் பாக்கிற லோர்ட் லையன் கந்தோரும் அதை ஏற்றுக்கொள்ளாது. உண்மையான பிரபுப் பட்டத்தை விக்கவும் வாங்கவும் ஏலாது. லோயிட் ஜோர்ஜ் பிரதமரா இருக்கேக்க கட்சிக்குக் காசு வாங்கிக்கொண்டு பட்டம் குடுத்த நாத்தம் வெளியில வந்து, 1925ல அதைக் குற்றமாக்கிச் சட்டமே போட்டவை. உண்மையா வாரிசு எண்டா பிறப்பு அத்தாட்சி, கலியாண அத்தாட்சி எல்லாம் காட்டி அரசாங்கப் பதிவேட்டில பேர் ஏத்த வேணும். தத்துப் பிள்ளைக்குப் பட்டம் போகாது. 2016ல பிரிங்கிள் எண்ட பரோனெட் குடும்பத்துக்கு டி.என்.ஏ. வச்சே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லி, பட்டம் மற்றக் கிளைக்குப் போனது.

எங்கட பக்கம் எண்டா, பம்பாய் ஜம்சட்ஜி ஜீஜீபாய் 1857ல பரோனெட். பரம்பரைப் பிரபு எண்டா வங்காளத்து சத்யேந்திர பிரசன்ன சின்ஹா ஒருத்தர் தான், 1919ல பரன் சின்ஹா ஒஃப் ராய்ப்பூர். அவர் போனாப் பிறகு மகனுக்கு வந்த கரைச்சலைக் கேளுங்கோ. இந்து முறைப்படி கட்டின கலியாணத்தில ஆம்பிளை இன்னொண்டு கட்டலாம் எண்டு இருந்ததே, அப்ப அந்தக் கலியாணத்தில பிறந்தவரை முறையான வாரிசு எண்டு ஏற்கலாமா எண்டு பிரபுக்கள் சபைக் கமிட்டியில கேள்வி. 1939ல தான் சரி எண்டு முடிஞ்சுது. அப்பாவும் அம்மாவும் கலியாணம் கட்டி வாழ்ந்த வாழ்க்கையை மகன் லண்டனில போய் நிரூபிக்க வேண்டி வந்தது.


நிரோ_பம்பலப்பிட்டி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியா ஒண்டு. இப்பவும் புதுசா இப்பிடிப் பரம்பரைப் பட்டம் குடுக்கினமா? பட்டம் வேண்டாம் எண்டு சொல்ல ஏலுமா?


மாலா_தெகிவளை:

மாஸ்டர் எழுத முதல் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். அரச குடும்பத்துக்கு வெளியில கடைசியாக் குடுத்த பரம்பரைப் பிரபுப் பட்டம் 1984ல, பழைய பிரதமர் ஹரோல்ட் மக்மிலனுக்கு, ஸ்டொக்டன் ஏர்ல் எண்டு. பரோனெட் எண்டா தச்சரிட கணவர் டெனிசுக்கு, 1990 கடைசியில அறிவிச்சது, 2003ல அது மகன் மார்க்குக்குப் போனது. அதுக்குப் பிறகு சாதாரண ஆக்களுக்கு இல்ல, இப்ப குடுக்கிறது எல்லாம் 1958 சட்டத்தில வந்த வாழ்நாள் பட்டம், பிள்ளைக்குப் போகாது. 1999ல பரம்பரைப் பிரபுமாரைப் பாராளுமன்றத்தில இருந்து வெளியேத்தி 92 பேரை மட்டும் விட்டவை. 2024ல அந்த மிச்ச 92 இடத்தையும் எடுக்கிற சட்டமூலத்தைக் கொண்டந்தவை. பட்டம் இருக்கும், அதால வாற கதிரை இல்ல.

வேண்டாம் எண்டு சொல்ல 1963ல தான் வழி வந்தது. டோனி பென் எண்ட தொழிற்கட்சிக்காரர் தகப்பன் செத்ததால வைகவுண்ட் ஆகி, சனம் வோட்டுப் போட்டுக் குடுத்த சீற்றை இழந்து, திரும்ப நிண்டு வெண்டும் உள்ள விடேல்ல. அவர் போராடித்தான் சட்டம் வந்தது. அதே வருசம் ஹோம் ஏர்ல் பிரதமரானவுடன அந்தச் சட்டத்தைப் பாவிச்சுத் தன்ர ஏர்ல் பட்டத்தை விட்டவர். ஆனா விட்டவருக்கு மட்டும் தான் இல்லாமப் போகும், பட்டம் அழியாது. டோனி பென் 2014ல காலமாக, அவற்ற மூத்த மகன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.